மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் இல்லாத வழிகள்: எந்த மாட்டுக்கு எது பொருந்தும்?

காலையில் கறக்க உட்கார்ந்தால் ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. அந்தப் பக்கம் மடி கொஞ்சம் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. கம்பவுண்டரைக் கூப்பிட்டு டியூப் (காம்புத் துளை வழியாக மடிக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக்) போடுவதா, கற்றாழை அரைத்துப் பூசுவதா, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதா? கறவை மாடு வைத்திருக்கும் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டியூப் போட்டால் சில நாள் பால் சொசைட்டியில் பால் ஊற்ற முடியாது என்ற கவலை ஒருபக்கம். போடாமல் விட்டால் மடியே போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம்.

இரண்டுமே நியாயமான கவலைதான். ஆனால் எந்த மருந்து என்று யோசிப்பதற்கு முன்னால், மாடு எந்த நிலையில் இருக்கிறது, மடிக்குள் இருக்கும் கிருமி என்ன வகை என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் இல்லாமல் நன்றாகத் தேறும் மடிநோய் நிறையவே உண்டு. ஆன்டிபயாடிக் போட்டாலும் தேறாததும் உண்டு. போடாவிட்டால் மாட்டையே இழக்க நேரும் நிலையும் உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

## முதலில் எதையெல்லாம் எடை போட வேண்டும்

நோயின் தீவிரம். இதை மூன்று படியாகப் பிரிக்கலாம். பாலில் மட்டும் மாற்றம் (திரி, தண்ணீர்த்தன்மை), மடி சாதாரணமாக இருந்தால் லேசான நோய். பாலும் மாறி, மடியும் வீங்கி, சூடாகி, தொட்டால் மாடு உதைத்தால் நடுத்தரம். இவற்றோடு மாடே சுகமில்லாமல் இருந்தால் கடுமை: தீவனம் எடுக்காது, அசை போடாது, காய்ச்சல் இருக்கும், கண் குழி விழுந்திருக்கும், எழுந்து நிற்கத் தயங்கும். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு தெர்மாமீட்டர் கொட்டகையில் எப்போதும் இருக்கட்டும். ஆசனவாயில் இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தால் போதும், கையால் தொட்டு ஊகிக்க வேண்டியதில்லை.

கிருமி. சாணியிலும் ஈரத் தரையிலும் இருக்கும் ஈ.கோலை போன்றவை மடிக்குள் போனால், லேசான நோயில் பெரும்பாலும் மாட்டின் உடம்பே அவற்றை விரட்டிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே மாட்டுக்கு மாடு, கறப்பவர் கை வழியாகப் பரவும். தானாகப் போவது அபூர்வம், ஆனால் பென்சிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. ஈஸ்ட் போன்ற பூஞ்சைகளுக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது.

கை வேலை. வீட்டில் பகல் முழுக்க ஆள் இருக்கிறாரா என்பது முக்கியமான கேள்வி. மூலிகை வைத்தியத்தின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

பால் நட்டம். எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும், அந்தக் காம்பு இந்த ஈற்றில் பழையபடி கறக்குமா என்று இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## வழி 1: அடிக்கடி கறப்பதும் வலியைக் குறைப்பதும்

நோய் வந்த காம்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் பீச்சி எடுப்பது பழைய வழக்கம். கெட்ட பாலும் கிருமியும் நச்சும் வெளியே போகும் என்பது இதன் தர்க்கம். மடிக்கு இளைப்பாறல் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடிக்கடி கறப்பதை மட்டும் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் குணமாகும் விகிதம் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. அதனால் இதை வேறொரு வழியோடு சேர்த்துச் செய்யும் துணை வேலையாக வைத்துக்கொள்வதுதான் சரி. மாடு வலியில் துடிக்கும்போது இழுத்து இழுத்துக் கறப்பதிலும் பயனில்லை.

வலிக்கும் வீக்கத்துக்கும் கால்நடை மருத்துவர் மெலாக்சிகம் போன்ற ஊசி போடுவார். இது ஆன்டிபயாடிக் இல்லை. மாடு சீக்கிரம் தீவனம் எடுக்க ஆரம்பிப்பதில் இதன் பங்கு பெரியது, நடுத்தர நோயில் இதைத் தவறவிடவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் 'ஆன்டிபயாடிக் போடவில்லை, அதனால் பாலை ஊற்றலாம்' என்று இங்கேதான் பலர் நினைத்துவிடுகிறார்கள். வலி மருந்துக்கும் பால் விலக்கு நாட்கள், அதாவது மருந்து பாலில் கலந்திருக்கும் என்பதால் பாலை விற்கக் கூடாத நாட்கள், உண்டு. லேபிளைப் படியுங்கள், இல்லை மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே ஊசி போடாதீர்கள். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது 2006 முதல் இந்தியாவில் தடை. அதைப் போட்ட மாடு இறந்து, அதன் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அதே காரணத்துக்காகத் தடை செய்யப்பட்டன. நீலகிரி பக்கம் மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறு கழுகுகள் நம் மாடுகளுக்குப் போடும் ஊசியை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன.

பொருந்தும் இடம்: லேசான, நடுத்தர நோய், வேறொரு வழியோடு சேர்த்து.

## வழி 2: கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பற்று

தமிழ்நாட்டில் ஆன்டிபயாடிக் இல்லாத வைத்தியம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபு வைத்திய முறைகளைத் திரட்டி, அளவு வரையறுத்து, கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். தேசிய பால்வள வாரியமும் இதை எடுத்துக்கொண்டு பல மாநிலங்களின் பால் கூட்டுறவுகளில் பரப்பியது. ஆக, இது யாரோ சொன்ன கைவைத்தியம் என்று ஒதுக்கக்கூடியது இல்லை.

ஒரு நாளைக்கான அளவு:

- சோற்றுக்கற்றாழை மடல் 250 கிராம் (முள்ளை மட்டும் சீவிவிட்டு, தோலோடு)
- மஞ்சள் தூள் 50 கிராம்
- வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம்

மூன்றையும் மிக்ஸியில் அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து சிவப்பதால் வரும் நிறம் அது. சிவக்கவில்லை என்றால் சுண்ணாம்பு பழையதாகவோ குறைவாகவோ இருக்கும். ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, நோய்க் காம்பை முழுவதும் பீச்சிவிட்டு, மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு காம்பில்தான் நோய் என்றாலும் நான்கு பக்கமும் பூசுங்கள். ஒரு நாளைக்கு 10 முறை, 5 நாள். அதோடு தினம் 2 எலுமிச்சையை இரண்டாக வெட்டி 3 நாளைக்கு உண்ணக் கொடுக்க வேண்டும். பாலில் ரத்தம் கலந்து வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, காலையும் மாலையும் கொடுப்பார்கள்.

பொருள் செலவு சொற்பம். கற்றாழை வேலியோரத்தில் இருக்கிறது, மஞ்சளும் சுண்ணாம்பும் வீட்டில் இருக்கிறது. மருந்துக்கான பால் விலக்கும் கிடையாது. இவ்வளவு சொன்ன பிறகு மறைந்திருக்கும் செலவையும் சொல்ல வேண்டும்.

ஒரு முறை கழுவி, பீச்சி, பூசப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் வேலை. பெரும்பாலும் இது வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போக வேண்டிய வீட்டில் 10 முறை என்பது 3 முறையாகச் சுருங்கிவிடும். அப்புறம் 'கற்றாழை கேட்கவில்லை' என்று சொல்வது நியாயமாகாது. உங்களால் 10 முறை பூச முடியாது என்று முதலிலேயே தெரிந்தால் வேறு வழியைப் பாருங்கள்.

இரண்டாவது, பால். மருந்து விலக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் திரியும் சீழும் வரும் பாலை எப்படியும் விற்கக் கூடாது, குடிக்கவும் கூடாது. பால் கண்ணுக்குச் சாதாரணமாகும் வரை அந்தக் காம்புப் பாலைக் கொட்டத்தான் வேண்டும். மற்ற காம்புகளைக் கறக்கும் முன் பற்றை நன்றாகக் கழுவித் துடையுங்கள், மஞ்சள் பாலில் இறங்கினால் சொசைட்டியில் கேள்வி வரும்.

மூன்றாவது, ஆதாரம். களத்தில் பலன் கண்டவர்கள் ஏராளம். ஆனால் வைத்தியம் செய்யாத மாடுகளோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய சோதனைகள் குறைவு. லேசான ஈ.கோலை நோய் தானாகவே தேறக்கூடியது என்பதால், எத்தனை மாடு பற்றால் தேறியது, எத்தனை மாடு எப்படியும் தேறியிருக்கும் என்று பிரிப்பது கடினம். இதனால் பற்று வேண்டாம் என்று சொல்லவில்லை. லேசான நோயில் முதல் முயற்சியாக நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் 48 மணி நேரத்தில் வீக்கமும் திரியும் குறையவில்லை என்றால் பற்றை மட்டும் நம்பி மூன்றாம் நாளுக்குப் போகாதீர்கள்.

சுண்ணாம்பை அளவுக்கு மேல் போட்டால் மடித்தோல் வெந்துவிடும். வெடிப்போ புண்ணோ இருக்கும் காம்பில் இன்னும் கவனம் வேண்டும். அப்புறம், எந்த மூலிகைச் சாற்றையும் எண்ணெயையும் காம்புத் துளைக்குள் விடாதீர்கள். துளை அடைத்திருக்கிறது என்று குச்சியோ இறகோ நுழைப்பது இன்னும் மோசம். வெளியில் இருக்கும் கிருமியை நாமே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அது.

பொருந்தும் இடம்: லேசான நோய், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தது, பகலில் ஆள் இருக்கும் வீடு, ஒன்றிரண்டு மாடு. நடுத்தர நோயில் மருத்துவர் பார்த்து வலி ஊசி போட்ட பிறகு துணையாக.

## வழி 3: பாலைச் சோதித்துவிட்டு முடிவெடுப்பது

வெளிநாட்டுப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக்கைக் குறைப்பதற்குப் பெரிதும் உதவிய வழி இது. லேசான, நடுத்தர நோயில் உடனே டியூப் போடாமல், பாலில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து, 24 மணி நேரம் கழித்து முடிவெடுக்கிறார்கள். கிருமி வளரவில்லை, அல்லது தானாகப் போகும் வகை என்றால் ஆன்டிபயாடிக் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால் மட்டும் மருந்து.

நம் ஊரிலும் முடியும். கால்நடை மருந்தகம் மூலமாக மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, வேப்பேரி போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாதிரி அனுப்பலாம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுகளைக் கொட்டிவிட்டு, சுத்தமான மூடி போட்ட குழாயில் சில மில்லி பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். எந்த ஆன்டிபயாடிக்கும் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். போட்ட பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போய்த் தவறான முடிவு கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு தூரமும் நேரமும்தான். ஒரு மாடு வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஐம்பது கிலோமீட்டர் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் ஒரே மாட்டுக்கு இரண்டாவது முறை நோய் வந்தாலும், கொட்டகையில் அடுத்தடுத்து மாடுகளுக்கு வந்தாலும் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிருமியின் பெயர் சொல்லாவிட்டாலும், வெளியில் தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. அரை லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனி கிண்ணத்தில் எடுத்து, சம அளவு கரைசல் ஊற்றிச் சுழற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. நோயை எதிர்க்கப் பாலில் இறங்கியிருக்கும் வெள்ளை அணுக்கள் சோப்பில் உடைந்து அப்படித் திரள்கின்றன. சீம்பால் காலத்திலும், பால் வற்றும் தறுவாயிலும் நோய் இல்லாமலேயே திரளும், அந்த நாட்களில் நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை செய்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

பொருந்தும் இடம்: ஐந்தாறு மாடுகளுக்கு மேல் உள்ள கொட்டகை, திரும்பத் திரும்ப வரும் நோய்.

## வழி 4: அந்தக் காம்பை வற்றவிடுவது

மடியின் ஒரு பக்கம் கெட்டியாகி, உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டு, மாதக்கணக்கில் திரி வந்து போய்க்கொண்டிருந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வயதான மாடு, பழைய நோய் என்றால் ஆன்டிபயாடிக்கும் பலன் தருவது அரிது, மூலிகையும் அப்படித்தான். மருத்துவர் ஆலோசனையோடு அந்தக் காம்பைக் கறப்பதை நிறுத்தி வற்றவிட்டு, மற்ற மூன்றில் கறக்கலாம். மூன்று காம்பும் சேர்ந்து நட்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும். வீங்கி வலிக்கும் காம்பை மட்டும் இப்படி நிறுத்தக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு பக்கத்து மாடுகளுக்கு. அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் கொட்டகை முழுக்கப் பரவும். பலர் இந்த நிலையில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். வாங்குபவரிடம் நோயைச் சொல்லி விற்பதே முறை, அவரும் நம்மைப் போல ஒரு மாட்டை நம்பிக் கடன் வாங்கியவராக இருக்கலாம்.

## ஹோமியோபதி

மாத்திரையாகவும் சொட்டு மருந்தாகவும் விற்கிறார்கள். மருந்து எது, வெறும் மாத்திரை எது என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தனியாக நோயை இதனிடம் ஒப்படைக்காதீர்கள், வீணாகும் இரண்டு நாளில் மடி இறுகிவிடும்.

## ஆன்டிபயாடிக்தான் வேண்டும் என்ற நிலை

மாடு தீவனம் மறுத்துக் காய்ச்சலோடு படுத்துவிட்டால், பால் பழுப்புத் தண்ணீராக வந்தால், மடி நீலம் பாய்ந்து குளிர்ந்து போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். இங்கே மாட்டைச் சாய்ப்பது கிருமியின் நச்சு. குளுக்கோஸ், வலி ஊசி, ஆன்டிபயாடிக் எல்லாமே தேவைப்படும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்தாலும் தயங்காமல் மருந்து போட்டுவிடுங்கள், மற்ற மாடுகளையும் காப்பாற்றும் முடிவு அது.

ஆரம்பித்தால் மருத்துவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். ஒரு டியூப் போட்டு, வீக்கம் வடிந்ததும் நிறுத்துவது மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிற வேலை. விலக்கு நாட்களில் வரும் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போகலாம். கன்றுக்கும் ஊட்டாதீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கறத்தல் + வலி ஊசி | கற்றாழைப் பற்று | சோதித்து முடிவெடுத்தல் | காம்பை வற்றவிடல் | ஆன்டிபயாடிக் |
|---|---|---|---|---|---|
| லேசான நோய் | துணைக்கு | முதல் முயற்சி | நல்லது | வேண்டாம் | பெரும்பாலும் தேவையில்லை |
| நடுத்தரம் | அவசியம் | துணைக்கு | நல்லது | வேண்டாம் | கிருமியைப் பொறுத்து |
| கடுமை | மருத்துவரோடு | நேர விரயம் | மாதிரி மட்டும் எடுத்து வைக்கலாம் | வேண்டாம் | உடனே |
| நாள்பட்டது | பலன் குறைவு | பலன் குறைவு | அவசியம் | பொருந்தும் | பலன் அரிது |
| கை வேலை | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு, பயணம் உண்டு | குறைவு | குறைவு |
| பால் விலக்கு | வலி மருந்துக்கு உண்டு | மருந்துக்கு இல்லை | முடிவைப் பொறுத்து | அந்தக் காம்பு முழுவதும் | உண்டு |

பணக்கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு, லிட்டர் 38 ரூபாய், 3 நாள் சிகிச்சை, அதன் பின் 4 நாள் விலக்கு என்று வைத்தால் 7 நாளில் 2,660 ரூபாய்ப் பால் போகிறது. ஒரு காம்பில் மட்டும் டியூப் போட்டாலும் மருந்து ரத்தம் வழியாக மற்ற காம்புகளுக்கும் போகக்கூடும் என்பதால் நான்கு காம்புப் பாலும் இதில் சேரும். பற்றில் கெட்ட காம்புப் பால் மட்டும்தான் போகிறது. லேசான நோயில் பற்று இவ்வளவு லாபமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆனால் நடுத்தர நோயைப் பற்றிலேயே இழுத்தடித்து ஒரு காம்பு வற்றிப்போனால், இந்த ஈற்றில் மிச்சமுள்ள மாதங்கள் முழுக்க நாளைக்கு இரண்டு லிட்டராவது குறையும். 200 நாள் கறவை மிச்சமிருந்தால் 15,200 ரூபாய்.

## நோய் வந்த மாட்டுக்கு, எந்த வழியானாலும்

கறந்து முடித்ததும் காம்பு நுனியை 0.5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். கறந்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் மாடு படுக்காமல் நிற்கத் தீவனத்தைக் கறந்த பிறகு போடுங்கள். சாணியும் கோமியமும் தேங்கும் தரையில் எந்த வைத்தியமும் நிற்காது.

ஒரு நோட்டில் தேதி, எந்தக் காம்பு, என்ன செய்தீர்கள், எத்தனை நாளில் பால் தெளிந்தது என்று எழுதி வையுங்கள். ஒரே ஈற்றில் ஒரே காம்பு மூன்றாவது முறை நோட்டில் ஏறினால் பற்றையும் டியூப்பையும் நிறுத்திவிட்டு, பால் மாதிரியோடு கல்லூரிக்குப் போங்கள். கிருமி தெரிந்த பிறகு நான்காவது வழியைப் பற்றி மருத்துவரோடு பேசுங்கள்.